அனுமதி தேவைப்படாத நிறம்

பிளஸ் டூவில் வேதியியல் படித்தவர்களுக்குப் பினாப்தலினைத் தெரியும். பியூரெட்டின் திருகைத் திறந்து காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருப்போம். கூம்புக் குடுவையில் ஒரு மாற்றமும் இருக்காது. திடீரென்று ஒரே ஒரு சொட்டில் குடுவை முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். 1871ல் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர் உருவாக்கிய பொருள் இது. வெகுகாலம் மலமிளக்கி மாத்திரையாகவும் விற்றார்கள். இந்தியாவில் இதற்கு இன்னொரு வேலையும் கிடைத்தது: லஞ்சம் வாங்கும் கையைக் காட்டிக்கொடுப்பது. "ரசாயனம் தடவிய ரூபாய் நோட்டுகளை வாங்கியபோது கையும் களவுமாகப் பிடிபட்டார்" என்று நாளிதழ்களில் படிக்கிறோமே, அந்த ரசாயனம் இதுதான்.

மாநில லஞ்ச ஒழிப்புத் துறையும் சரி, மத்தியப் புலனாய்வு அமைப்பான சிபிஐயும் சரி, பொறி வைக்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். புகார் கொடுத்தவர் கொண்டுவந்த நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொள்வார்கள். சம்பந்தமில்லாத வேறு துறையிலிருந்து இரண்டு ஊழியர்களைச் சாட்சிகளாக அழைத்து வைத்திருப்பார்கள். நோட்டுகளில் வெள்ளைப் பொடியை லேசாகத் தடவுவார்கள். சாட்சிகளில் ஒருவர் நோட்டைத் தொட்டுவிட்டு, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் விரலை நனைப்பார். தண்ணீர் இளஞ்சிவப்பாகும். இது ஒத்திகை, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். நோட்டுகள் புகார்தாரரின் சட்டைப் பைக்குள் போகும். கேட்டால் ஒழியக் கொடுக்காதே, போனவுடன் கை குலுக்காதே என்று சொல்லி அனுப்புவார்கள். கூடவே ஒரு 'நிழல் சாட்சி' போவார். பணம் கைமாறியதும் முகத்தைத் துடைப்பதோ, மிஸ்டு கால் கொடுப்பதோ, ஏதோ ஒரு சைகை. உள்ளே நுழையும் அதிகாரிகள் முதலில் செய்வது, அந்த இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொள்வது. வலது கைக்கு ஒரு கண்ணாடி டம்ளர், இடது கைக்கு இன்னொன்று. மேஜை டிராயரிலோ கால்சட்டைப் பையிலோ பணத்தை வைத்திருந்தால் அதையும் கழுவி எடுப்பார்கள். இளஞ்சிவப்பான தண்ணீரை பாட்டிலில் அடைத்து, அரக்கு வைத்து, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

நடப்பது இவ்வளவுதான். சோடா கலந்த தண்ணீர் காரத்தன்மை கொண்டது. பிஹெச் அளவு எட்டைச் சற்றுத் தாண்டியதும் பினாப்தலின் மூலக்கூறின் நடுவே மூடிக்கிடந்த ஒரு வளையம் திறந்துகொள்கிறது. எலக்ட்ரான்கள் மூலக்கூறு முழுவதும் உலாவ வழி கிடைக்கிறது. அப்போது அது பச்சை ஒளியை விழுங்கிக்கொள்ள, மிச்சமுள்ள ஒளி நம் கண்ணுக்கு இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. கைக்குச் சொந்தக்காரர் யார், அவருக்கு யாரைத் தெரியும் என்பதெல்லாம் அந்த வளையத்துக்குப் பொருட்டே இல்லை. இதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்பது உண்மைதான்; லஞ்சம் கேட்டதற்கும் நிரூபணம் வேண்டும் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆனாலும், வந்து நின்று கேட்கும் எந்த வழக்கறிஞரும் அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கத்தான் செய்வார்.

இப்போது சட்டப் புத்தகத்தைத் திறந்து, ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018ல் சேர்த்த 17ஏ பிரிவைப் பார்க்கலாம். ஓர் அரசு ஊழியர் தன் பணியில் எடுத்த முடிவைப் பற்றியோ, செய்த பரிந்துரையைப் பற்றியோ விசாரிக்க வேண்டுமானால், அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது அது. அனுமதி தர மூன்று மாதம் அவகாசம். இன்னும் ஒரு மாதம் நீட்டிக்கலாம். அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: லஞ்சம் வாங்கும்போதே பிடிபட்டவரைக் கைது செய்ய இந்த அனுமதி தேவையில்லை. அதாவது இளஞ்சிவப்புக்கு அனுமதி வேண்டாம். 3,000 ரூபாய் வாங்கிய குமாஸ்தாவைப் பிடிக்க சிபிஐ யாரையும் கேட்க வேண்டியதில்லை. 3,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் தீர்மானித்த கையெழுத்தைத் தொட வேண்டுமென்றால், கேட்க வேண்டும். யாரிடம்? பெரும்பாலும் அந்தக் கையெழுத்தின் பக்கத்து நாற்காலிகளிடம்.

நேர்மையான அதிகாரி பயமில்லாமல் முடிவெடுக்க வேண்டாமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு டெண்டருக்கும் பின்னால் போலீஸ் வந்து நின்றால் எவரும் கோப்பில் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஆனால் இந்தப் பாதுகாப்பு இந்தியாவில் செத்துச் செத்துப் பிழைத்திருக்கும் கதையைப் பார்த்தால், அந்த நியாயம் மட்டுமே அதைத் தூக்கி நிறுத்துகிறது என்று நம்புவது கடினம். இணைச் செயலாளர் அந்தஸ்திலும் அதற்கு மேலும் உள்ளவர்களை விசாரிக்க அனுமதி வேண்டும் என்று முதலில் சட்டம் எதுவும் சொல்லவில்லை. அரசு சிபிஐக்கு அனுப்பிய உத்தரவு ஒன்றுதான் சொன்னது. 1997 டிசம்பர் 18 அன்று, வினீத் நாராயண் வழக்கில், தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா அமர்வு அதைத் தூக்கி எறிந்தது. 2003ல் அதே ஏற்பாடு, சிபிஐ இயங்கும் சட்டத்தில் 6ஏ என்ற பிரிவாகத் திரும்பி வந்தது. 2014 மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதையும் ரத்து செய்தது. ஊழல் செய்தவர் பெரிய பதவியில் இருந்தாலும் சின்னப் பதவியில் இருந்தாலும் சட்டத்தின் முன் ஒன்றே என்றது. நான்கே ஆண்டுகளில் 17ஏ. இந்த முறை பெரிய அதிகாரி, சின்ன அதிகாரி என்ற பாகுபாடு இல்லை, எல்லாருக்கும் உண்டு. காங்கிரஸ் அரசு, பாஜக அரசு என்ற வேறுபாடு இந்த ஒரு விஷயத்தில் எப்போதுமே இருந்ததில்லை.

சிபிஐயின் சுதந்திரம் என்று பேசும்போது நாம் பெரும்பாலும் அதன் இயக்குநரின் முதுகெலும்பைப் பற்றிப் பேசுகிறோம். அது முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கோப்பு எந்தெந்த மேஜையில் நின்று, யார் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்பதைப் பின்தொடர்ந்து போனால், ஆட்களின் வீரத்தைவிட மேஜைகளின் வரிசைதான் அதிகம் தீர்மானிக்கிறது என்று தெரியும். அந்த வரிசை எப்படி வந்தது என்பதே ஒரு விசித்திரமான கதை.

1941. இரண்டாம் உலகப் போர். ராணுவத்துக்குத் தேவையான சாமான்களை வாங்கும் துறையில் பணம் தண்ணீராக ஓடியது. லஞ்சமும் கூடவே ஓடியது. அதைப் பிடிக்கப் போர்த் துறையின் கீழ் 'சிறப்பு போலீஸ் நிறுவனம்' ஒன்றை ஆங்கிலேய அரசு தொடங்கியது. தலைமையகம் லாகூரில். போர் முடிந்தது, லஞ்சம் முடியவில்லை. எனவே 1946ல் 'டெல்லி சிறப்பு போலீஸ் நிறுவனச் சட்டம்' வந்தது. ஒரே மூச்சில் படித்து முடித்துவிடக்கூடிய சின்னச் சட்டம். 1963 ஏப்ரல் 1 அன்று (தேதியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்) உள்துறை அமைச்சகம் ஒரு தீர்மானம் வெளியிட்டு சிபிஐ என்ற பெயரை வைத்தது. நாடாளுமன்றம் சிபிஐக்கென்று தனிச் சட்டம் எதுவும் இயற்றவில்லை. அன்று முதல் சிபிஐ கைது செய்வதும், சோதனை போடுவதும் அந்த 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் பலத்தில்தான்.

ஐம்பது ஆண்டுகள் இதை யாரும் பெரிதாகத் தோண்டவில்லை. சிபிஐ வழக்கில் சிக்கிய தொலைத்தொடர்புத் துறை ஊழியர் ஒருவர்தான் தோண்டினார். என்மேல் வழக்குப் போட நீ யார் என்று அவர் கேட்டது குவாஹாட்டி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2013 நவம்பர் 6, புதன்கிழமை. நீதிபதிகள் இக்பால் அகமது அன்சாரி, இந்திரா ஷா அமர்வு தீர்ப்பளித்தது: 1963 தீர்மானம் மத்திய அமைச்சரவையின் முடிவு அல்ல, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் அதற்கு இல்லை, அது வெறும் துறைக் குறிப்பு, அதை வைத்துக்கொண்டு ஒருவரைக் கைது செய்யும் போலீஸ் படையை உருவாக்க முடியாது. சிபிஐயை உருவாக்கிய அந்தத் தீர்மானம் ரத்து.

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், மத்திய அரசின் பட்டியலில் எட்டாவது இனமாக 'மத்திய உளவு மற்றும் புலனாய்வுப் பணியகம்' என்று இருக்கிறதே என்று கேட்கலாம். அதையும் நீதிமன்றம் அலசியது. அரசியல் நிர்ணய சபையில் இதைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது, இங்கே புலனாய்வு என்றால் பொதுவாகத் தகவல் திரட்டுவதுதான், போலீஸ் செய்யும் குற்றப் புலன்விசாரணை அல்ல என்று அம்பேத்கரே விளக்கம் கொடுத்திருந்தார். போலீஸ் மாநிலங்களின் விஷயம் என்பதில் அன்று எல்லாருக்கும் கவனம் இருந்தது.

தீர்ப்பு வந்ததும் நாடு முழுவதும் சிபிஐ நீதிமன்றங்களில் பிரதிவாதி வழக்கறிஞர்களுக்குக் கொண்டாட்டம். ஆயிரக்கணக்கான வழக்குகள் அந்தரத்தில் தொங்கின. உச்ச நீதிமன்றம் விடுமுறையில் இருந்தது. சனிக்கிழமை, நவம்பர் 9 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி பி. சதாசிவம் (ஈரோட்டுப் பக்கத்துக்காரர்) தன் வீட்டிலேயே வழக்கைக் கேட்டு, தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தார். நாட்டின் முதன்மைப் புலனாய்வு அமைப்பு அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் எத்தனையோ பேரைக் கைது செய்தது, எத்தனையோ வீடுகளில் சோதனை போட்டது. எல்லாம் அந்தச் சனிக்கிழமைத் தடையின் துணையோடுதான். தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏவுக்கு 2008ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. அதைவிட மூத்த சிபிஐக்கு ஏன் போடவில்லை? சொந்தச் சட்டம் போட்டால் அதில் அதிகாரம் எவ்வளவு, கட்டுப்பாடு யாருக்கு என்று வரிவரியாக எழுத வேண்டிவரும். எழுதாமல் இருப்பது ஆள்பவர்களுக்கு வசதி. இது என் ஊகம்தான், ஆனால் அறுபது ஆண்டுகளில் எல்லாக் கட்சிகளும் இந்த ஊகத்துக்கு வலுச் சேர்த்திருக்கின்றன.

பெயரில் 'டெல்லி' இருப்பதும் சும்மா இல்லை. சட்டப்படி சிபிஐ, டெல்லிக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான ஒரு சிறப்பு போலீஸ். மதுரைக்கோ மைசூருக்கோ வரவேண்டுமானால் அந்த மாநில அரசின் ஒப்புதல் வேண்டும் என்கிறது ஆறாவது பிரிவு. அதிலும் ஒரு வேடிக்கை: 'ரயில்வே பகுதி'க்கு ஒப்புதல் தேவையில்லை என்று அந்தப் பிரிவே சொல்கிறது. எழுத்துக்கு எழுத்து படித்தால், மதுரை ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நிற்கும் சிபிஐ அதிகாரிக்கு யாருடைய தயவும் வேண்டாம். நிலையத்தை விட்டு வெளியே வந்து கட்டபொம்மன் சிலைப் பக்கம் போனால் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும்.

ஒவ்வொரு வழக்குக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதால் மாநிலங்கள் 'பொது ஒப்புதல்' கொடுத்து வைத்திருந்தன. சிபிஐ மீது சந்தேகம் முற்றியபோது அதைத் திரும்பப் பெறத் தொடங்கின. 2018ல் மேற்கு வங்கம், பிறகு ராஜஸ்தான், கேரளம், ஜார்க்கண்ட், பஞ்சாப் என்று வரிசை நீண்டது. ஆட்சி மாறியதும் திரும்பக் கொடுத்த மாநிலங்களும் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2020ல் போன ஒப்புதல் 2022ல் திரும்பி வந்தது. தமிழ்நாடு 2023 ஜூன் 14 அன்று திரும்பப் பெற்றது. அமைச்சர் செந்தில் பாலாஜியை அமலாக்கத் துறை கைது செய்த அதே நாள். ஆனால் அமலாக்கத் துறைக்கு மாநில ஒப்புதலே தேவையில்லை. அது வேறு சட்டத்தின் கீழ் இயங்குவது. அன்று அடித்தது ஒருவர், கதவு சாத்தப்பட்டது இன்னொருவருக்கு.

சாத்திய கதவுக்கும் சாவி இருக்கிறது. மாநிலம் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் உச்ச நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ சிபிஐ விசாரணைக்கு உத்தரவிடலாம் என்று 2010ல் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஒப்புதலைத் திரும்பப் பெற்ற பின்பும் சிபிஐ தங்கள் மாநிலத்தில் வழக்குப் பதிவு செய்கிறது என்று மேற்கு வங்கம் மத்திய அரசின் மேல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. மத்திய அரசு சொன்ன பதில் கேட்கவே சுவையானது: சிபிஐ எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, அது சுதந்திரமான அமைப்பு, எங்கள் மேல் வழக்குப் போட்டு என்ன பயன்? 2024 ஜூலையில் நீதிபதிகள் பி.ஆர். கவாய், சந்தீப் மேத்தா அமர்வு 1946 சட்டத்தையே எடுத்துப் படித்துக் காட்டியது. இந்தப் படையை உருவாக்குவது மத்திய அரசு, எந்தக் குற்றத்தை விசாரிக்கலாம் என்று அறிவிப்பது மத்திய அரசு, மேற்பார்வை மத்திய அரசு. ஆகவே வழக்கு செல்லும்.

1990களின் ஹவாலா வழக்கை, அதாவது மேலே சொன்ன வினீத் நாராயண் வழக்கை, இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1991ல் டெல்லியில் பிடிபட்ட ஒருவர் வழியாக, ஜெயின் சகோதரர்கள் வீட்டில் நாட்குறிப்புகள் சிக்கின. எழுத்துச் சுருக்கங்கள், எதிரே தொகைகள். பெரிய பெரிய அரசியல்வாதிகளின் பெயர்களோடு பொருந்தும் எழுத்துகள். சிபிஐ அவற்றை வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. பத்திரிகையாளர் வினீத் நாராயண் 1993ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் அசைந்தது. நீதிமன்றம் இதற்காக ஒரு புது வழியையே கண்டுபிடித்தது: தீர்ப்புச் சொல்லி வழக்கை முடிக்காமல், மாதக்கணக்கில் திறந்தே வைத்து, அவ்வப்போது அழைத்து, எதுவரை போயிருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த வழக்கில்தான் இயக்குநருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு பதவிக்காலம் என்ற விதி பிறந்தது. குற்றப்பத்திரிகைகள் என்னவோ நிற்கவில்லை. உதிரித் தாள்களில் எழுதிய கணக்கு, சாட்சியச் சட்டம் சொல்லும் கணக்குப் புத்தகமாகாது, வேறு ஆதாரமும் இல்லை என்று சொல்லி நீதிமன்றங்களே அத்வானி, வி.சி. சுக்லா உள்ளிட்டோரை விடுவித்தன. சுறுசுறுப்பாக இருக்க வேண்டிய காலத்தில் தூங்கிய விசாரணையைப் பிறகு எவ்வளவு உலுக்கினாலும் ஆதாரம் வந்துவிடாது.

கைது நடந்தால் ஊருக்கே தெரியும். நடக்காத கைதுக்கு எந்தக் கரைசலும் நிறம் மாறாது. ஓர் அரசியல்வாதியின் இரண்டு வழக்குகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிகாரின் தீவன ஊழலை 1996ல் பாட்னா உயர் நீதிமன்றம் சிபிஐயிடம் ஒப்படைத்துக் கண்காணித்தது. 2013ல் லாலு பிரசாத் குற்றவாளி என்று தீர்ப்பாகி, நாடாளுமன்றப் பதவியை இழந்தார். அதே லாலு மீதான சொத்துக் குவிப்பு வழக்கில் 2006ல் விடுதலை கிடைத்தது. அப்போது அவர் மத்திய ரயில்வே அமைச்சர். சிபிஐ மேல்முறையீடு செய்யவில்லை. பிகார் அரசு செய்தது. சிபிஐ நடத்திய வழக்கில் மேல்முறையீடு செய்ய மாநிலத்துக்கு உரிமை இல்லை என்று 2010ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முதல் வழக்கில் உயர் நீதிமன்றம் கண் வைத்திருந்தது. இரண்டாவதில், ஒரு மனுவைப் போடாமல் இருப்பது மட்டுமே தேவைப்பட்டது.

2013 மே மாதம் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு வழக்கில், சிபிஐ உச்ச நீதிமன்றத்துக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையின் வரைவைச் சட்ட அமைச்சரும், பிரதமர் அலுவலகத்தையும் நிலக்கரி அமைச்சகத்தையும் சேர்ந்த அதிகாரிகளும் பார்த்துத் திருத்தியது வெளியே வந்தது. நீதிபதி ஆர்.எம். லோதா 'கூண்டுக்கிளி' என்று சொன்னது அப்போதுதான். சட்ட அமைச்சர் அஸ்வனி குமார் இரண்டே நாளில் பதவி விலகினார். இன்றைக்கும் சிபிஐ என்றால் கார்ட்டூனிஸ்டுகள் கிளியைத்தான் வரைகிறார்கள். அதே நிலக்கரி விவகாரத்தில், ஒரு வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்று சிபிஐ கொடுத்த அறிக்கையைச் சிறப்பு நீதிமன்றம் ஏற்க மறுத்ததும், அந்த வழக்கிலேயே 2017ல் முன்னாள் நிலக்கரித் துறைச் செயலாளர் ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்ததும் கிளி அளவுக்குப் பிரபலமாகவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைக்கும் இடம் அதுதான். வழக்கை யார் தொடங்கலாம் என்பதற்கு இவ்வளவு சட்டம் பேசுகிறோம்; யார் மூடலாம் என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. ஹாங்காங்கில் 1973ல் பீட்டர் காட்பர் என்ற போலீஸ் உயரதிகாரி, சம்பாதித்த பணத்துக்குக் கணக்குக் காட்ட முடியாமல் இங்கிலாந்துக்குத் தப்பி ஓடினார். மக்கள் தெருவில் இறங்கினார்கள். போலீசின் கையிலிருந்தே ஊழல் விசாரணையைப் பிடுங்கி 1974ல் தனி ஆணையம் அமைத்தார்கள். காட்பரை அடுத்த ஆண்டே திரும்பக் கொண்டுவந்து சிறையில் தள்ளினார்கள். அந்த ஆணையத்துக்கு ஒரு மறுபரிசீலனைக் குழு உண்டு. ஒரு புகார் மேல் நடந்த விசாரணையைக் கைவிடுவதென்றால், அதற்கு முன் வெளியாட்கள் பெரும்பான்மையாக இருக்கும் அந்தக் குழுவிடம் போய்க் காரணம் சொல்ல வேண்டும். சும்மா இருப்பதற்கும் பதில் சொல்ல வேண்டிய ஏற்பாடு.

நம் ஊரில் இயக்குநரைத் தேர்ந்தெடுப்பதை இறுக்கினார்கள். லோக்பால் சட்டத்துக்குப் பிறகு பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி அல்லது அவர் நியமிக்கும் நீதிபதி என்று மூவர் குழு. 2018 அக்டோபர் 23 நள்ளிரவில் அந்த இறுக்கம் என்னவானது என்று நாடே பார்த்தது. இயக்குநர் அலோக் வர்மா, தன் சிறப்பு இயக்குநர் ராகேஷ் அஸ்தானா மீதே லஞ்ச வழக்குப் போட்டிருந்தார். அஸ்தானா அவர் மீது புகார் கொடுத்திருந்தார். சிபிஐ தன் தலைமையகத்திலேயே சோதனை போட்டது. அரசு இருவரையும் இரவோடிரவாகக் கட்டாய விடுப்பில் அனுப்பியது. 2019 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் வர்மாவைத் திரும்ப நாற்காலியில் உட்கார வைத்தது. 10ஆம் தேதி தேர்வுக் குழு 2-1 என்ற கணக்கில் அவரை வெளியேற்றியது. 2021ல் இயக்குநரின் பதவிக்காலத்தை ஐந்து ஆண்டு வரை நீட்டிக்கலாம் என்று சட்டம் திருத்தினார்கள். ஆனால் ஒரேயடியாக அல்ல, ஒவ்வொரு ஆண்டாக. இரண்டு ஆண்டு நிச்சயமாகக் கிடைப்பதும், அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் கிடைக்குமா கிடைக்காதா என்று காத்திருப்பதும் ஒன்றல்ல என்பது மாநில அரசு அலுவலகத்தில் பணி நீட்டிப்புக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும்.

சிபிஐ தன் தரப்பில் காட்டுவது தண்டனை விகிதத்தை. பல ஆண்டுகளாக 65 முதல் 75 சதவீதம் வரை. மாநில போலீஸ்கள் பொறாமைப்படும் எண். அதற்குள் எத்தனை இளஞ்சிவப்பு, எத்தனை கோப்பு என்று பிரித்துப் பார்த்தால்தான் அர்த்தம் தெரியும். இன்னொரு பக்கம், சிபிஐ விசாரித்த 7,000க்கும் அதிகமான ஊழல் வழக்குகள் நீதிமன்றங்களில் தேங்கிக் கிடக்கின்றன. 350க்கும் மேற்பட்டவை 20 ஆண்டுகளைத் தாண்டியவை. மக்களின் நம்பிக்கையை உண்மையில் அரிப்பது வேறொரு எண். சிபிஐ வலையில் விழுந்த முக்கிய அரசியல்வாதிகளை இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் 2022ல் கணக்கெடுத்தது. காங்கிரஸ் கூட்டணியின் பத்து ஆண்டுகளில் 72 பேர். அவர்களில் எதிர்க்கட்சியினர் 43 பேர், அதாவது 60 சதவீதம். 2014க்குப் பின் 124 பேர். எதிர்க்கட்சியினர் 118 பேர், 95 சதவீதம். அந்த 118 பேரில் ஒருவர்கூடக் குற்றமற்றவராக இல்லாமல் இருக்கலாம். மற்ற பக்கத்தில் ஆறு பேர்தானா என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

இவ்வளவுக்குப் பிறகும் தமிழ்நாட்டில் ஒரு துயரம் நடந்தால், சாலை மறியலில் முதலில் எழும் கோஷம் எது? "சிபிஐ விசாரணை வேண்டும்." பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு 2019ல் சிபிஐக்குப் போனது, 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோதும் சிபிஐதான் போலீசார் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 2021 ஆகஸ்டில், நிதி நிறுவன மோசடி வழக்கு ஒன்றில் சிபிஐ விசாரணை கேட்டு வந்தவர்களின் மனுவை விசாரித்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான், கூண்டுக்கிளியை விடுவியுங்கள், தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்கு இருப்பதைப் போன்ற தன்னாட்சி கொடுங்கள் என்று மத்திய அரசுக்குச் சொன்னது.

இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கோஷம் போடுகிறவர்கள் சிபிஐயின் நேர்மைக்கு நற்சான்று தருவதில்லை. உள்ளூர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நடுவே உள்ள தூரம் போதாது என்கிறார்கள். இன்ஸ்பெக்டருக்கு ஒன்றியச் செயலாளரைத் தெரியும், ஒன்றியச் செயலாளருக்கு எம்எல்ஏவைத் தெரியும். டெல்லியிலிருந்து வருகிறவருக்கு இவர்களில் எவரையும் தெரியாது. அவருக்குத் தெரிந்தவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள், ஆனால் பொள்ளாச்சி வழக்கில் டெல்லிக்கு அக்கறை இல்லை. அதனால் உள்ளூர் அதிகாரம் சம்பந்தப்பட்ட வழக்கில் சிபிஐ சுதந்திரமாகவும், டெல்லி அதிகாரம் சம்பந்தப்பட்ட வழக்கில் கிளியாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடிகிறது. பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்ற அதே தமிழ்நாடு அரசுதான் 2025 ஜூலையில், மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் காவலில் இறந்த வழக்கைத் தானாகவே சிபிஐக்கு மாற்றியது.

மூன்றே மாதத்தில் நிலைமை தலைகீழ். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் தவெக தலைவர் விஜய்யின் பிரசாரக் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். மாநில அரசின் ஆட்சேபத்தை மீறி, அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் கொடுத்தது. ஆனால் சிபிஐயிடம் மட்டும் கொடுக்கவில்லை. அதை மேற்பார்வையிட ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி அஜய் ரஸ்தோகியின் தலைமையில் மூவர் குழு அமைத்தது. மற்ற இருவரும் ஐபிஎஸ் அதிகாரிகள். தமிழ்நாடு கேடராக இருக்கலாம், தமிழ்நாட்டைச் சொந்த ஊராகக் கொண்டவர்களாக இருக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டது. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்படி ஒரு குழுவுக்கு இடமில்லை. தேவைப்படும் ஒவ்வொரு தடவையும் நீதிபதிகள் உட்கார்ந்து, யாரை யாரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்துவது என்று புதிதாக அளந்து எழுத வேண்டியிருக்கிறது.